மறுபக்கம் தீர்ந்துபோகும் இடம்: 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசைநாடகத்தின் மீதான பற்று எதனால்?

1964 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் இம்பீரியல் அரங்கில் அரங்கேறிய 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசைநாடகத்தில், பிராட்வே நாடக அரங்குகளுக்குக் கூட்டம் சேர்க்கும் என்று அக்காலத்தில் நம்பப்பட்ட அம்சங்கள் மிகக் குறைவு. அதன் நாயகன் டெவ்யே, குதிரை நொண்டிவிட்டதால் தானே வண்டியை இழுத்துக்கொண்டு பால் விற்கும் ஏழை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன். முதல் அங்கம் ஒரு கல்யாண வீடு சூறையாடப்படுவதோடு முடிகிறது. இரண்டாம் அங்கம் ஓர் ஊர் முழுவதும் துரத்தப்படுவதோடு முடிகிறது. இருந்தும் அது 1972 ஜூலை வரை இடைவிடாமல் ஓடி 3,242 காட்சிகளைக் கண்டது. பிராட்வேயில் 3,000 காட்சிகளைத் தாண்டிய முதல் இசைநாடகம் அதுதான். 1965-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகள் ஒன்பதும் கிடைத்தன. இந்த எண்கள் வெற்றியைச் சொல்கின்றன. அதைப் பார்த்தவர்களில் பலர், நான் உட்பட, ஏன் மீண்டும் மீண்டும் அதனிடமே திரும்புகிறோம் என்பதை அவை சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதனின் மனம் எவ்வளவு தூரம் வளையும், எந்த இடத்தில் வளைய மறுக்கும் என்பதை இந்த நாடகம் பாட்டைக்கொண்டே அளந்து காட்டுகிறது. அந்த எல்லை வந்ததும் அது நழுவாமல் அங்கேயே நிற்கிறது. என் பற்றுக்குக் காரணம் அந்த நேர்மை என்றே நினைக்கிறேன்.

கதையின் வேர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய ஷோலம் அலைக்கெமின் கதைகளில் இருக்கிறது. 1859-இல் இன்றைய உக்ரைனில் பிறந்து 1916-இல் நியூயார்க்கில் மறைந்த அவர், டெவ்யேயைப் பற்றிய கதைகளை 1894 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். ஒவ்வொரு கதையும் டெவ்யே எழுத்தாளரைச் சந்தித்து, 'கேளுங்கள் ஐயா, என் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா' என்கிற தொனியில் தன் துன்பங்களை ஒப்பிப்பதாக அமைந்தது. கதைகளுக்குப் பின்னால் இருந்த உலகம் கொடியது. ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மேற்கு எல்லையை ஒட்டிய குறிப்பிட்ட மாகாணங்களில் மட்டுமே குடியிருக்கலாம் என்ற ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1882-இன் சட்டங்கள் அந்த எல்லைக்குள்ளும் அவர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. 1881-இல் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்கள், 1903-இன் கிஷினேவ் படுகொலை, 1905-இன் புரட்சியும் அதை ஒட்டிய தாக்குதல்களும் என வன்முறை அலைஅலையாக வந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் இருபது லட்சம் யூதர்கள் வெளியேறினார்கள். நாடகம் நிகழும் ஆண்டு 1905. டெவ்யேயின் ஊரான அனதேவ்கா கற்பனை. அதற்கு நேர்ந்தது கற்பனை இல்லை.

நாடகப் பிரதியை எழுதிய ஜோசஃப் ஸ்டைன் செய்த முதல் நல்ல காரியம், அந்த ஒப்பித்தலை அப்படியே காப்பாற்றியது. எழுத்தாளரிடம் பேசிய டெவ்யே, மேடையில் கடவுளிடமும் நம்மிடமும் பேசுகிறான். கடவுளிடம் பேசும்போது அவன் பேச்சில் மன்றாட்டைவிட வழக்காட்டுதான் அதிகம்: ஏழ்மை அவமானமில்லை, ஆனால் பெருமையும் இல்லையே என்று உரிமையோடு கேட்கிறான், வேதவாக்கியங்களைத் தப்பும் தவறுமாக மேற்கோள் காட்டுகிறான், பதில் வராது என்று தெரிந்தும் பதிலுக்காகக் காத்திருக்கிறான். இதனால் நாடகம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அவன் மனத்துக்குள் நமக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பின்னால் அவன் எடுக்கும் முடிவுகளை நாம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவற்றுக்கான காரணங்களை அவன் கூடவே இருந்து கேட்டவர்களாகிவிடுகிறோம்.

இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். தயாரிப்புக்கு முந்தைய மாதங்களில் அவர் இசையமைப்பாளர் ஜெர்ரி பாக், பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக், ஸ்டைன் ஆகிய மூவரிடமும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: இந்த நாடகம் எதைப் பற்றியது? ஒரு பால்காரனையும் அவன் பெண்களின் கல்யாணங்களையும் பற்றியது என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு வாழ்க்கை முறை கரைந்துபோவதைப் பற்றியது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் பதில் வந்தபோது, அப்படியானால் அந்த வாழ்க்கை முறை எது என்று முதல் பாட்டிலேயே காட்டியாக வேண்டும் என்றார். ஓய்வுநாளுக்காக வீடு பரபரக்கும் ஒரு குடும்பப் பாட்டோடு தொடங்கவிருந்த நாடகம், 'ட்ரடிஷன்' (மரபு) என்னும் முழு ஊரின் பாட்டோடு தொடங்குவதாக மாறியது.

அந்தத் தொடக்கப் பாட்டின் கட்டமைப்பை நின்று கவனிக்க வேண்டும். தகப்பன்மார், தாய்மார், மகன்கள், மகள்கள் என நான்கு கூட்டங்கள் தனித்தனியாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு, தனி அசைவு, தனிக் கடமை: சம்பாதிப்பவர் யார், வீட்டை நடத்துபவர் யார், படிப்பவர் யார், சொன்ன மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டியவர் யார். பிறகு நான்கு மெட்டுகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒன்றோடொன்று மோதாமல் பொருந்துகின்றன. ஒரு சமூக ஒழுங்கு என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனமும் விளக்கியிருக்க முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் வரியைப் பாடினால் போதும், மொத்தமும் இனிமையாக இருக்கும். ஒருவர் வரியை மாற்றினால் மற்ற மூன்றும் தடுமாறும். அதே பாட்டின் நடுவில் டெவ்யே, தொழுகைச் சால்வை அணியும் வழக்கத்தைக் காட்டி, இது எப்படித் தொடங்கியது என்று கேட்பீர்கள், சொல்கிறேன் என்று நிமிர்ந்து நின்று, எனக்குத் தெரியாது என்று முடிக்கிறான். அரங்கம் சிரிக்கும். ஆனால் மரபைக் காக்க எழுந்தவன் முதல் பாட்டிலேயே அதன் காரணம் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டான். மூத்த மகள்கள் மூவரும் பின்னால் நுழையும் வாசல் அந்த ஒப்புதலில்தான் திறக்கிறது.

மூத்தவள் ட்செய்டலுக்குக் கசாப்புக்கடை வைத்திருக்கும் லாஸர் வுல்ஃபை அப்பா பேசி முடிக்கிறார். அவளுக்கோ ஏழைத் தையற்காரன் மோட்டல் மீது விருப்பம். இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள். அவள் அழுது கேட்கிறாள்; மோட்டலும் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்து கேட்கிறான். இங்கேதான் நாடகத்தின் மையச் சாதனம் முதன்முறையாக வருகிறது. மற்ற நடிகர்கள் உறைந்து நிற்க, டெவ்யே மட்டும் விலகி வந்து தனக்குத்தானே விவாதிக்கிறான். ஒரு பக்கம் பார்த்தால் தரகரும் இல்லாமல், தகப்பனைக் கேட்காமல், இவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மறுபக்கம் பார்த்தால் பையன் நேர்மையானவன், உழைப்பாளி. அதோடு என் மகளின் கண்களைப் பார். தொடக்கப் பாட்டின் மெட்டு பின்னணியில் இழையோடிக்கொண்டே இருக்க, பேச்சும் பாட்டுமாக அந்த விவாதம் நகர்கிறது. அவன் வளைகிறான். இங்கே உடைந்தது கல்யாணம் பேசும் முறை மட்டுமே; தகப்பனின் அனுமதி என்பது அப்படியே இருக்கிறது.

இரண்டாமவள் ஹோடல் அந்த அனுமதியையே தாண்டுகிறாள். கீவிலிருந்து வந்த புரட்சிக்கார மாணவன் பெர்சிக்கும் அவளும் டெவ்யேயிடம் வந்து கேட்பது ஆசியை மட்டும். அனுமதி கேட்கவில்லை என்று பெர்சிக் தெளிவாகவே சொல்கிறான். மீண்டும் எல்லோரும் உறைகிறார்கள், மீண்டும் அந்த மெட்டு, மீண்டும் ஒரு பக்கமும் மறுபக்கமும். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தரகர் யார், இவர்களுக்கும் அதே தரகர்தான் போலிருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். இம்முறை அவன் ஆசியோடு, யாரும் கேட்காத அனுமதியையும் சேர்த்தே கொடுக்கிறான். கைவிட்டுப் போய்விட்ட உரிமையைத் தானே மனமுவந்து கொடுத்ததாக ஆக்கிக்கொள்ளும் அந்தத் தகப்பனின் தந்திரத்தில் இருக்கும் அன்பும் வலியும், நாடகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம். ஹோடல் பின்னர் சைபீரியாவில் சிறைப்பட்ட பெர்சிக்கைத் தேடி இரயிலேறுவதற்கு முன் பாடும் பாட்டில், தான் நேசிக்கும் வீட்டைவிட்டு ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்பதை அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவிக்கிறாள். அப்பாவுக்குப் புரிகிறது. அதுவரை அவனால் முடிந்திருக்கிறது.

மூன்றாமவள் ஹாவா. அவள் விரும்புவது ஃபியெத்கா என்னும் ரஷ்ய இளைஞனை. அவன் யூதன் இல்லை. அப்பா மறுத்ததும் அவள் தேவாலயத்தில் அவனை மணந்துகொள்கிறாள். செய்தி வந்தபின் டெவ்யே, சின்னப் பறவையே என்று அவளை நினைத்துப் பாடும் மெல்லிய பாட்டு வருகிறது. மூன்று பெண்களும் ஆடிக்கொண்டே ஒவ்வொருவராக விலகிப்போகும் நினைவுக்காட்சி ஒன்றும் அதோடு வருகிறது. பிறகு ஹாவா நேரிலேயே வந்து, எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் அப்பா என்று கெஞ்சுகிறாள். மூன்றாம் முறையாக அந்த விவாதம் தொடங்குகிறது. நான் நம்பும் அனைத்தையும் மறுக்க முடியுமா? மறுபக்கம் பார்த்தால், பெற்ற மகளை மறுக்க முடியுமா? இரண்டு முறை பழகிவிட்டதால் நாமும் மூன்றாம் முறையும் அவன் வளைவான் என்று காத்திருக்கிறோம். அவ்வளவு வளைந்தால் முறிந்துவிடுவேன் என்கிறான். மறுபக்கம் என்று மீண்டும் தொடங்கி, மறுபக்கம் என்று ஒன்று இல்லை என்று நிறுத்திவிடுகிறான். முதல் இரண்டு விவாதங்களையும் தாங்கிப்பிடித்த பாட்டு அந்த வரிகளுக்கு வருவதில்லை. அவை வெறும் பேச்சாகவே நிற்கின்றன. பிறகு ஊராரின் குரல்கள் அந்தத் தொடக்கப் பாட்டோடு எழும்போது, முதலில் கொண்டாட்டமாகக் கேட்ட அதே மெட்டு சுவராக எழுந்து நிற்கிறது.

இந்த மூன்று படிகளும் இவ்வளவு துல்லியமாக அமைந்திருப்பதால்தான் நாடகம் யார் பக்கமும் சாயாமல் நிற்க முடிகிறது. மரபு உயர்ந்தது என்று எழுதப்பட்டிருந்தால் முதல் இரண்டு கல்யாணங்களும் தவறாகத் தெரிந்திருக்கும். காதலே வெல்லும் என்று எழுதப்பட்டிருந்தால் மூன்றாவதிலும் அவன் இரங்கியிருப்பான். நாமும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். டெவ்யே தவறு செய்கிறான் என்றே நான் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறேன். ஆயினும் அவனை அந்த நிலைக்குத் தள்ளியது பிடிவாதம் அல்ல என்பதையும் நாடகம் எனக்குக் காட்டிவிட்டது. வெளியே நின்று அடிப்பவர்கள் இருக்கும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு எல்லைக்கோடு வெறும் வழக்கமாக இருப்பதில்லை. உயிரோடு இருப்பதற்கான வழியாகவே அது ஆகிவிடுகிறது. ஃபியெத்கா தனிப்பட்ட முறையில் நல்லவன். ஆனால் அவன் வந்த பக்கத்திலிருந்துதான் கல்யாண வீட்டைச் சூறையாடியவர்களும் வந்தார்கள்.

இந்தக் காட்சியை முதன்முதலில் நடித்தவர் ஸீரோ மோஸ்டெல் என்பதை அறிந்தபின் அது இன்னும் கனமாகிறது. அவர் ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதரல்லாத பெண்ணை மணந்துகொண்டதை அவருடைய பெற்றோர் ஏற்கவில்லை. தன் பெற்றோர் தன்னிடம் காட்டிய மறுப்பை அவர் ஒவ்வொரு இரவும் தகப்பனின் இடத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. இயக்குநரோடும் அவருக்கு இலகுவான உறவில்லை. 1953-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ராபின்ஸ் கம்யூனிஸ்டுகள் என்று சக கலைஞர்களின் பெயர்களைச் சொன்னவர். மோஸ்டெலோ அதே குழுவின் முன் பெயர் சொல்ல மறுத்து, கறுப்புப் பட்டியலில் வாய்ப்புகளை இழந்தவர். மன்னிக்காமலும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதை அவர்கள் ஒத்திகை அறையில் வாழ்ந்து காட்டினார்கள். மோஸ்டெல் ஓராண்டுகூட நிலைக்காமல் விலகினார். அதன்பின் பல டெவ்யேக்களோடு நாடகம் ஏழு ஆண்டுகள் நடந்தது. பிரம்மாண்டமான ஒரு நடிகரை நம்பி நிற்கும் படைப்பு அல்ல என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

பாடல்களுக்கு வருகிறேன். பாக் தன் மெட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து அனுப்புவார். ஹார்னிக் அவற்றில் தன்னைத் தொட்டதை எடுத்து வரி எழுதுவார். அவர்கள் ஆக்கிய இசை கிழக்கு ஐரோப்பிய யூத இசையின் நகல் அல்ல. அதன் வாசனையைக் கொண்ட பிராட்வே இசை. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று கர்நாடக இசைப் பழக்கம் உள்ள காதுக்கு எளிதில் விளங்கும். இத்திஷ் இசையில் பெரிதும் புழங்கும் ஒரு சுர வரிசை, சுத்த ரிஷபத்தை அடுத்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் நம் வகுளாபரணத்தின் சுரங்களையே கொண்டது. பாக் அதை முழுநீளமாகப் பயன்படுத்தாமல் ஆங்காங்கே தொட்டுவிட்டு நகர்கிறார். பணக்காரனாக இருந்திருந்தால் என்று டெவ்யே கனவு காணும் புகழ்பெற்ற பாட்டின் பொருளற்ற அசைகள், ஒரு தாயும் மகளும் ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கத்தின் சொல்லற்ற பாட்டைப் பாடக் கேட்டபின் பிறந்தவை. பெரிய வீடு, மாடிப்படிகள், கொழுத்த கோழிகள் என்று வேடிக்கையாக ஓடும் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில் அவன், பணம் இருந்தால் நாளெல்லாம் அறிஞர்களோடு உட்கார்ந்து வேதம் படிக்கலாமே என்று ஏங்குகிறான். அப்பகுதியை நீக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அந்த மனிதனே அந்த வரிகளில்தான் இருக்கிறான் என்று வாதாடிக் காப்பாற்றியவர் மோஸ்டெல். மூன்றாம் மகளிடம் அவன் ஏன் முறிகிறான் என்பதற்கான விடை, சிரித்துக்கொண்டே நாம் கேட்ட அந்தப் பாட்டில் முன்பே வைக்கப்பட்டிருக்கிறது.

மிகச் சிறிய பாட்டு ஒன்று நாடகத்தின் மிகப் பெரிய திருப்பமாக எனக்குப் படுகிறது. ஹோடலின் காதலைக் கண்டுவிட்டு வீடு திரும்பும் டெவ்யே, தன் மனைவி கோல்டேயிடம், நீ என்னைக் காதலிக்கிறாயா என்று கேட்கிறான். கல்யாணநாள் அன்றுதான் முதன்முதலில் சந்தித்துக்கொண்டவர்கள் அவர்கள். அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மறுக்கிறாள். இருபத்தைந்து ஆண்டுகளாகத் துணி துவைத்தேன், சமைத்தேன், பிள்ளை பெற்றேன், மாடு கறந்தேன் என்று அடுக்குகிறாள். அவன் விடுவதில்லை. இது காதல் இல்லையென்றால் வேறு எது என்ற இடத்துக்கு அவளே வந்து சேர்கிறாள். பிராட்வேக்கு வருமுன் டெட்ராய்ட்டில் நடந்த முன்னோட்டக் காட்சிகளின்போது எழுதிச் சேர்க்கப்பட்ட பாட்டு இது. மேடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹார்னிக் திடீரென அழுதுவிட்டதாகவும், தன் பெற்றோர் இப்படிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தைத்தான் எழுதியிருக்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மகள்கள் கொண்டுவந்த புதுமை பெற்றோரின் திருமணத்துக்குள்ளேயும் நுழைந்துவிட்டது. மாற்றம் என்பது இளையவர்கள் மூத்தவர்களிடமிருந்து பறித்துக்கொண்டு போவது மட்டுமே என்று எண்ணியிருந்தால், இந்தப் பாட்டு அந்த எண்ணத்தைத் திருத்துகிறது.

முதல் அங்கத்தை முடிக்கும் கல்யாணக் காட்சி ராபின்ஸின் உச்சம். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் கயிறு மேடையின் நடுவே கட்டப்பட்டிருக்கிறது. தொப்பிமேல் பாட்டிலை நிறுத்திக்கொண்டு ஆண்கள் முழங்காலை மடித்து நகரும் நடனம், ராபின்ஸ் நேரில் சென்று பார்த்த ஹசிதியக் கல்யாணங்களிலிருந்து ஊக்கம் பெற்றது. பாட்டில்கள் ஒட்டப்படுவதில்லை, விழுந்தால் விழுந்ததுதான். கூரைமேல் நின்று விழாமல் வயலின் வாசிப்பவனைப் போலத்தான் இந்த ஊரில் ஒவ்வொருவரும் வாழ்கிறார்கள் என்று டெவ்யே தொடக்கத்தில் சொன்னதை, அந்த நடனம் அபாயத்தோடு நம் கண்முன் செய்துகாட்டுகிறது. பிறகு பெர்சிக் கயிற்றைக் கடந்து ஹோடலை ஆட அழைக்கிறான். யூத மதகுருவான ரபியிடம் கேட்கிறார்கள், ஆடுவது முற்றிலும் விலக்கப்பட்டது என்று அவரால் சொல்ல முடியவில்லை. டெவ்யே கோல்டேயை இழுத்துக்கொண்டு வருகிறான். ஒவ்வொருவராக எல்லோரும் ஆடத் தொடங்குகிறார்கள். ஊர் தன் விருப்பத்தோடு ஒரு படி முன்னே வந்த அந்தக் கணத்தில்தான் காவல் அதிகாரியும் ஆட்களும் உள்ளே நுழைகிறார்கள். தானாக நடக்கும் மாற்றத்துக்கும் மேலிருந்து திணிக்கப்படும் அழிவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இரண்டையும் அடுத்தடுத்து வைத்தே ராபின்ஸ் காட்டிவிடுகிறார்.

மேடையமைப்பைச் செய்தவர் போரிஸ் ஆரன்சன்; மார்க் ஷகாலின் ஓவிய உலகம் அவருடைய அரங்கில் தெரியும். பெரிய சுழல்மேடை ஒன்றும் அதற்குள் சிறிய சுழல்மேடை ஒன்றுமாக அவர் அமைத்தார். ஊரார் கைகோத்து வட்டமாக நிற்பதில் தொடங்கும் நாடகம், அந்த வட்டம் பிரிவதில் முடிகிறது. ஊரை விட்டுப் போகச் சொல்லி ஆணை வந்தபின் பாடப்படும் அனதேவ்கா பற்றிய பாட்டின் மெட்டு, முன்பு வேகமும் வேடிக்கையுமாக இருந்த வேறொரு பாட்டுக்கு உரியது. அப்பாட்டு நீக்கப்பட்டபின் மெட்டின் வேகம் குறைக்கப்பட்டுத் துயரப் பாட்டாயிற்று. கொஞ்சம் சட்டிபானை, ஒரு விளக்குமாறு, இவ்வளவுதானே விட்டுப்போகிறோம் என்று அவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வதில் இருக்கும் அடக்கத்துக்கு அந்த வரலாறும் ஒரு காரணம் என்பேன்.

இந்த நாடகத்தின் மீதான விமர்சனங்களில் வலுவானவையும் உண்டு. இத்திஷ் இலக்கியத்தை நன்கறிந்த விமர்சகர் இர்விங் ஹௌ 1964-இலேயே, மூலத்தின் கசப்பு இனிப்பாக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கதைகளில் ஷ்ப்ரின்ட்ஸே என்னும் மகள் பணக்கார இளைஞனால் கைவிடப்பட்டுத் தண்ணீரில் மூழ்கி இறக்கிறாள். இன்னொருத்தி தகப்பனுக்காகப் பணக்காரனை மணந்து துன்பப்படுகிறாள். மோட்டலும் கோல்டேயும் இறந்துபோகிறார்கள். நாடகத்தில் அந்த இரண்டு மகள்களும் சிறுமிகளாகவே நின்றுவிடுகிறார்கள், சாவுகள் இல்லை. காவல் அதிகாரி வருத்தத்தோடு தீமை செய்பவராக மென்மையாக்கப்பட்டிருக்கிறார். ஆனால் ஹாவாவின் முடிவில் நாடகம் கதையைவிடக் கடினமான வழியைத் தேர்ந்தது என்பதை ஹௌவின் பக்கம் நிற்பவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. கதையில் அவள் கணவனை விட்டுவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வருகிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று டெவ்யே எழுத்தாளரையே கேட்கிறான். நாடகத்தில் அவள் கணவனோடேயே இருக்கிறாள். யூதர்களை இப்படி நடத்தும் மக்களோடு எங்களாலும் வாழ முடியாது என்று அவர்கள் இருவரும் போலந்து நகரான கிராக்கோவுக்குப் புறப்படுகிறார்கள். அவள் மனம் மாறித் தகப்பனுக்கு வழியை எளிதாக்குவதில்லை.

மற்ற நாடுகளில் நாடகம் எப்படி வேர்கொண்டது என்பதையும் இந்தக் கட்டமைப்பே விளக்குகிறது. 1967-இல் இலண்டனில் இஸ்ரேலிய நடிகர் டோபோல் டெவ்யேயாக நடித்த தயாரிப்பு 2,030 காட்சிகள் ஓடியது. அதே ஆண்டு டோக்கியோவில் அரங்கேறியபோது, இவ்வளவு ஜப்பானியமான நாடகம் அமெரிக்கர்களுக்குப் புரிகிறதா என்று அங்கிருந்த தயாரிப்பாளர் தன்னிடம் கேட்டதாக ஸ்டைன் சொல்லிவந்தார். 1969-இல் புரூக்ளினின் ப்ரவுன்ஸ்வில் பகுதியில், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை ஒட்டிக் கறுப்பின மக்களுக்கும் யூத ஆசிரியர்களுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்த நேரத்தில், கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் இதே நாடகத்தைத் தங்கள் பள்ளியில் நடித்தார்கள். 2018-இல் நியூயார்க்கில் ஜோயல் கிரே இயக்கத்தில் நாடகம் இத்திஷ் மொழியிலேயே நடந்தது. 1971-இல் நார்மன் ஜூவிசன் இயக்கிய திரைப்படம் டோபோலின் நடிப்பால் உலகெங்கும் சென்றது. அதன்மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் டெவ்யேயின் விவாதங்கள் மேடைக்கே உரியவை. எதிரில் மூச்சுவிட்டுக்கொண்டே உறைந்து நிற்கும் ஒரு மகளை வைத்துக்கொண்டு ஒருவன் யோசிப்பதைப் பார்க்கும்போது, அவள் காத்திருக்கும் நேரத்தை நாமும் உடலால் உணர்கிறோம். கேமரா அவளைத் தொலைவில் கொண்டுபோய் வைத்ததும் அந்தக் காத்திருப்பு தளர்ந்துவிடுகிறது.

ஆகவே ஒரு தயாரிப்பின் தரத்தை நான் அளப்பது தொப்பிமேல் பாட்டிலை வைத்து ஆடும் நடனத்தை வைத்தோ பணக்காரக் கனவுப் பாட்டை வைத்தோ அல்ல. அவற்றைச் சொதப்புவது கடினம். கடைசியில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருக்கையில் ஹாவாவும் ஃபியெத்காவும் விடைபெற வருகிறார்கள். டெவ்யே அவளைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. ட்செய்டல் தங்கைக்கு விடைகொடுக்கும்போது, அவன் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டே, கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்று வாய்க்குள் முணுமுணுக்கிறான். ட்செய்டல் அதைத் தங்கையிடம் சொல்லிவிடுகிறாள். பிரதியில் இருப்பது அவ்வளவே. சில நடிகர்கள் இங்கே திரும்பிப் பார்த்து, கண்கலங்கி, கையை அரைவாசி நீட்டி, முழுச் சமாதானமே ஆகிவிட்டது போல் செய்துவிடுகிறார்கள். அது காட்சியைக் கெடுக்கிறது. அவனால் இன்னும் அவளை ஏற்க முடியவில்லை, சபிக்கவும் முடியவில்லை, இன்னொருத்தியின் வாய் வழியாக ஒரே ஓர் ஆசியை மட்டும் அனுப்ப முடிகிறது. மறுபக்கம் இல்லை என்று சொன்ன பிறகும் அவன் ஒரு விரற்கடை வளைந்திருக்கிறான். அந்த ஒரு விரற்கடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் நடிப்பவரே எனக்கு டெவ்யே.